சீமெண்ணெய் டின்னில் ஒரு ரோஜாச்செடி

போன ஜனவரியில் ஏற்காடு போயிருந்தோம். வீட்டில் எல்லோரும் ஏரிப் பக்கம் படகு ஏறப் போக, நான் மட்டும் நோட்டுப் புத்தகத்தோடு மாரமங்கலம் பக்கம் கிளம்பினேன். சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர். (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இவர்கள் பேசுவது தமிழ்தான்.) சாமை, காபி, மிளகு பற்றி ஏதாவது விசாரிக்கலாம் என்றுதான் போனேன். ஆனால் ஒரு வீட்டுத் திண்ணையைத் தாண்ட முடியவில்லை.

திண்ணை ஓரமாக வரிசையாகச் செடிகள். பெயிண்ட் வாளியில் மிளகாய். விளிம்பு உடைந்த பிளாஸ்டிக் குடத்தில் புதினா. வாயை மடித்துவிட்ட சிமென்ட் சாக்கில் இஞ்சி. கடைசியில், துருப்பிடித்த ஒரு சதுரத் தகர டின்னில் ரோஜா. காசு கொடுத்து வாங்கிய தொட்டி ஒன்றுகூட இல்லை.

"இந்த டின் ஏதுங்க ஆயா?" என்று கேட்டேன்.

"எம் மாமியா காலத்துது சாமி. சீமெண்ணெய் டின்னு. ரொம்ப நாள் சாமை கொட்டி வெச்சிருந்தோம். அடி ஓட்டையாச்சு, செடி வெச்சுட்டேன்."

தானியத்துக்கு ஓட்டை என்றால் செடிக்கு வடிகால்! பையில் டேப் இருந்தது, அளந்தேன். அடி ஏறக்குறைய ஒன்பதரை அங்குலச் சதுரம், உயரம் 14 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெருக்கினால் 20 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. மேலே கொஞ்சம் இடம் விட்டு ஊற்றினால் சுமார் 19 லிட்டர், அதாவது 5 அமெரிக்க கேலன். சேர்வராயன் மலைத் திண்ணையில் அமெரிக்க அளவு எப்படி வந்தது? வீட்டுக்கு வந்ததும் தேட ஆரம்பித்தேன்.

மண்ணெண்ணெய் வருவதற்கு முன் நம் ஊர் விளக்குகளில் எரிந்தவை ஆமணக்கு, புங்கம், இலுப்பை எண்ணெய்கள். 1859-ல் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டிய பிறகு, மண்ணெண்ணெய் கப்பலேறி உலகமெல்லாம் போனது. வெளிநாட்டிலிருந்து வந்ததால் நமக்கு அது சீமை எண்ணெய், சீமெண்ணெய். 5 கேலன் பிடிக்கும் தகர டின்கள் இரண்டை ஒரு மரப்பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி டின்னின் நிறம் நீலம்.

இந்தச் சந்தையை உடைக்க லண்டன் வியாபாரி மார்கஸ் சாமுவேல் ஒரு கணக்குப் போட்டார். டின்னும் மரப்பெட்டியும் வீண் செலவு, வீண் பாரம். எண்ணெயை அப்படியே கப்பலின் வயிற்றில் ஊற்றிக் கொண்டுவந்தால் விலை குறையும். 1892 ஆகஸ்டில் அவருடைய 'மியூரெக்ஸ்' கப்பல் ரஷ்ய எண்ணெயோடு சூயஸ் கால்வாயைக் கடந்து ஆசியாவுக்கு வந்தது. அந்தக் கால்வாயைக் கடந்த முதல் எண்ணெய்க் கப்பல் அதுதான். ஜனங்கள் பாத்திரம் கொண்டுவந்து எண்ணெய் வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தார்.

எண்ணெய் மலிவுதான். ஆனால் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. காரணம், ஆசியாவில் வாங்குகிறவர்களுக்கு எண்ணெயோடு டின்னும் வேண்டியிருந்தது. காலி டின் கூரைத் தகடாகும், வாளியாகும், பறவைக் கூண்டாகும். எண்ணெய் ஒரு மாதத்தில் எரிந்துவிடும், டின் வருஷக்கணக்கில் உழைக்கும். கடைசியில் சாமுவேல்தான் இறங்கிவர வேண்டியதாயிற்று. தகட்டைக் கப்பலில் அனுப்பி, ஆசியாவிலேயே டின் செய்ய ஏற்பாடு செய்தார். அந்த டின்களுக்குச் சிவப்பு நிறம். 1897-ல் அவர் தொடங்கிய கம்பெனிதான் ஷெல். 1928-ல் இந்தியாவில் எண்ணெய் விற்க பர்மா ஆயிலும் ஷெல்லும் சேர்ந்து உருவாக்கியது பர்மா ஷெல். 1976-ல் அரசுடைமையாகி, இன்று பாரத் பெட்ரோலியம்.

சிக்கனம் என்றால் கையில் காசில்லாதவர்கள் எப்படியோ சமாளிப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இங்கே நடந்தது வேறு. பெயர் தெரியாத லட்சக்கணக்கான வீடுகள், காலி டின்னின் மதிப்பையும் சேர்த்தே விலையைக் கணக்குப் போட்டிருக்கின்றன. அந்தக் கணக்குக்கு ஒரு உலகக் கம்பெனி வளைந்து கொடுத்திருக்கிறது.

நம் ஊரிலும் அந்த டின் எத்தனை வேஷம் போட்டது! குறுக்கே ஒரு கட்டை அடித்தால் கிணற்று வாளி. மூடி வைத்தால் அரிசி டின். பற்ற வைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்தால் பூவாளி. எல்லாம் முடிந்து அடி போன பிறகுதான் செடிக்கு வரும். அதற்குத் தண்ணீர்கூடத் தனியாகக் கிடையாது. அரிசி கழுவிய தண்ணியும், சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த தண்ணியும்தான். சாம்பலில் பொட்டாசியம் உண்டு, செடிக்கு நல்லதுதான். அதையே பார்த்து இன்றைய பாத்திர சோப்புத் தண்ணியை அப்படியே தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: பழைய டின்களின் மூட்டுகளில் ஈயம் கலந்த பற்றாசு இருக்கும். கீரை வேண்டாம், பூச்செடி வையுங்கள். ஆயா அதில் ரோஜா வைத்தது சரிதான்.

இப்போது என் கதை. சில வருஷம் முன்பு வீட்டை இடித்துக் கட்டியபோது, புறக்கடையில் அம்மா கனகாம்பரம் வைத்திருந்த இரண்டு டின்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டேன். எடைக்கு எடை, கொஞ்சம் சில்லறை வந்தது. "டின்னு எங்கடா?" என்று அம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அதன் பிறகு மாடித்தோட்ட ஆசை வந்து, க்ரோ பேக், தென்னைநார்க் கட்டி என்று நாலாயிரத்துச் சொச்சம் செலவு செய்தேன். இரண்டு கோடை வெயிலில் பைகள் நைந்து கிழிந்தன. மண் மாடியெல்லாம் கொட்டியது. அம்மா கீழேயிருந்து ஒரு பழைய அலுமினியக் குண்டானைக் கொண்டுவந்து, ஆணியால் அடியில் நாலு ஓட்டை போட்டு, கிழிந்த பையிலிருந்த தக்காளியை அதற்கு மாற்றினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குண்டான் இன்னும் இருக்கிறது.

இன்றைக்கு நாம் வாங்கும் பொருளும் உறையோடுதான் வருகிறது. உறைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். ஆனால் எண்ணெய்ப் பாக்கெட்டையும் ஷாம்பு சாஷேவையும் அறுத்த பிறகு, குப்பையைத் தவிர வேறு எதற்கு ஆகும்? 'காலியானதும் இது என்ன ஆகும்?' என்று கேட்டுத்தான் நம் பாட்டிகள் வாங்கினார்கள். நாம் அந்தக் கேள்வியை எப்போது விட்டோம் என்பதே ஞாபகம் இல்லை.

மாரமங்கலத்திலிருந்து கிளம்பும்போது ஒரு சபலம். "ஆயா, இந்த டின்னை எனக்குக் குடுத்துடுங்க, ஐந்நூறு ரூபாய் தரேன்" என்றேன்.

ஆயா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐந்நூறு ரூவாய்ல ரோசாவ வெக்க முடியுமா சாமி?"