மாதிரி ரயிலும் மாதிரி மலையும்

திருத்தணியில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியறையில் எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை போட்டு அதன்மேல் ரயில் விட்டுக்கொண்டிருக்கிறார். பேரனுக்காக அல்ல, தனக்காக. அரக்கோணம் ஷெட் என்று பொடி எழுத்தில் எழுதிய எலக்ட்ரிக் என்ஜின் ஒன்று, நாலு பெட்டி, ஒரு பிளாட்பாரம், பின்னால் தெர்மாகோலில் செதுக்கிப் பச்சையடித்த மலை, மலைமேல் கோபுரம். இதே பித்துப் பிடித்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். தங்கள் என்ஜினையும் பாதையமைப்பையும் (லேஅவுட் என்கிறார்கள்) படமெடுத்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். அப்படிச் சேர்ந்த நூறு நூற்றைம்பது படங்களை அவர் ஒருநாள் எனக்குக் காட்டினார். திருகாணி வரைக்கும் துல்லியம். புகைக்கரி படிந்த இடத்தில் கரி, துருப்பிடிக்கும் இடத்தில் துரு. பார்த்துக்கொண்டே வந்தவன் கேட்டேன்: "பாதையில ஒரு ஆள்கூட இல்லையே சார்?"

"ஆள் வச்சா வண்டி மோதிடுமே" என்றார்.

ரெண்டு பேரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தாய்மாமன் கேங்மேனாக இருந்தவர்.

'மாதிரி' என்கிற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் காட்டும் சாம்பிளும் மாதிரிதான், பின்பற்ற வேண்டிய உதாரணமும் மாதிரிதான். பேச்சில் 'அது மாதிரி' என்றால் அதுவல்ல, அதைப் போன்றது. ஒரே சொல் அசலுக்கு முன்னாலும் நிற்கிறது, அசலுக்குப் பின்னாலும் நிற்கிறது. சிறியதாகச் செய்து பார்க்கும் ஆசை நமக்கு இங்கிலீஷ்காரன் கொண்டுவந்து கொடுத்ததும் அல்ல. குறுந்தொகையின் 61-ஆம் பாட்டில் தச்சன் செய்த சிறு வண்டி ஒன்று வருகிறது. பிள்ளைகளால் அதில் ஏறிப் போக முடியாது. கையால் இழுத்தே சந்தோஷப்படுகிறார்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேர் என்று ஒரு பருவமே உண்டு. கவனிக்க வேண்டியது, சங்கப் பாட்டில் தச்சன் இருக்கிறான். பொம்மையைச் சொல்லும்போதே செய்தவனையும் சொல்லிவிடுகிறது. பிள்ளைத்தமிழுக்கு வரும்போது தேரை உருட்டும் குழந்தைதான் மிச்சம் (அந்தக் குழந்தையும் தெய்வமாகவோ அரசனாகவோ ஆகிவிடுகிறது). தச்சன் எங்கே போனான் என்பதை இலக்கிய வரலாறு எழுதியவர்கள் கேட்டுக்கொண்டதில்லை.

இந்தியாவில் ரயிலே முதலில் ஒரு மாதிரியாகத்தான் வந்தது. 1836-இல் சென்னை சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகே சோதனைக்காக ஒரு துண்டு இருப்புப்பாதை போட்டுக் காட்டினார்கள். அடுத்த வருஷம் செங்குன்றம் பக்கத்திலிருந்து சாலை போடுவதற்குச் செம்பாறைக் கல் ஏற்றிவர ஒரு பாதை. மனிதர்கள் ஏறிப்போகும் ரயில் தெற்கே வந்தது 1856 ஜூலை 1-ஆம் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு. பிறகு அரக்கோணத்தில் பிரிந்து வடமேற்கே ரேணிகுண்டா, கடப்பை, குண்டக்கல் என்று போய், 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பக்கத்துப் பாதையோடு சேர்ந்தது. திருத்தணி மலையடிவாரத்தை உரசிக்கொண்டு போவது அந்தப் பாதைதான். லண்டனில் பங்கு வாங்கியவனுக்கு நஷ்டம் வராமல் வட்டிக்கு உத்தரவாதம் கொடுத்தது அரசு. உத்தரவாதப் பணம் இங்கே வசூலான வரியிலிருந்து போனது. மலைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் மூன்றாம் வகுப்பில் அடைந்து போனார்கள் என்பதும் அதே கணக்கின் இன்னொரு பக்கம்.

ஐரோப்பாவில் இதை வீட்டுக்குள் கொண்டுபோன கதை வேறு. 1891-இல் ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி லைப்சிக் சந்தையில் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலைத் தண்டவாளத்தோடு வைத்தது. தண்டவாள அகலங்களுக்கு எண் கொடுத்தது. ஒருமுறை வாங்கியவன் மேலும் மேலும் வாங்கவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. 1920-இல் இங்கிலாந்தில் ஹார்ன்பி. நம் பக்கம் வந்தால் குவாலியர் மகாராஜா ஜெய்விலாஸ் அரண்மனைச் சாப்பாட்டு மேஜைமேல் வெள்ளியில் ரயில் விட்டார். மதுக் குப்பிகளும் சுருட்டும் ஏற்றிக்கொண்டு விருந்தாளிகளைச் சுற்றிவரும். குப்பியை ஒருவர் தூக்கினால் வண்டி நிற்கும். பரிமாறுகிற ஆளை மேஜையிலிருந்து நீக்கிவிட்டு அவன் இடத்தில் ஓர் இயந்திரத்தை வைத்த காட்சி இது. சமஸ்தானம் போனது, வெள்ளி ரயில் இன்றும் கண்காட்சிப் பொருளாக அங்கே இருக்கிறது.

மத்தியதர வர்க்கத்து ஆண்களின் பொழுதுபோக்காக இது இங்கே நிலைபெற்றது ரொம்பப் பிந்தித்தான். புனேயில் ஜோஷி என்பவரின் சிற்றுரு ரயில் மியூசியம் 1998-இல் திறந்தது. அதற்கும் முன்னால் 1989-இல் இந்திய ரயில் ரசிகர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். எங்கே என்றால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் மத்தியில். அரக்கோணத்தில் தினமும் ரயிலேறுகிறவன் ரசிகனாக முடியவில்லை; பத்தாயிரம் மைல் தள்ளி இருந்தவனால் முடிந்தது. ரசிப்பதற்குத் தூரம் வேண்டியிருக்கிறது.

இனி அளவு. இந்த உலகத்தில் அதிகம் புழங்குவது எச்.ஓ. எனப்படும் அளவு, அதாவது 87-இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். ஏன் அந்த எண்? 87-ஆல் பெருக்கினால் 1,435 வரும். அது ஐரோப்பாவின், அமெரிக்காவின் அகலம். நம்முடைய அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர், கம்பெனி ஆட்சியில் நிர்ணயித்த ஐந்தடி ஆறங்குலம். அதை 87-ஆல் வகுத்தால் 19.26. அந்த அகலத்துக்குக் கடையில் தயார் தண்டவாளம் கிடைக்காது. தானே செய்துகொள்ள வேண்டும். ஆகவே பெரும்பாலும் நம்மூர் என்ஜின் மாதிரிகள் ஐரோப்பியத் தண்டவாளத்தில் கால் ஒடுக்கி நிற்கின்றன. அசல் அளவில் சொன்னால் ஒன்பதரை அங்குலம் காணாமல் போகிறது. திருகாணிவரை துல்லியம் பார்க்கிற நண்பருக்கு இது தெரியும். கேட்டால், "பார்க்கிறவனுக்குத் தெரியாது தோழர்" என்கிறார். துல்லியம் யாருடைய அளவுகோலில் என்ற பழைய பிரச்சினைதான்.

கணக்கை இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன் (எம்.ஏ. தமிழ் படித்தவனின் கணக்கு, பொறுத்துக்கொள்ளவும்). அரக்கோணத்திலிருந்து திருத்தணி சுமார் 13 கிலோமீட்டர். எச்.ஓ. அளவில் 150 மீட்டர். நண்பரின் மாடி போதாது, தெருவே வேண்டும். பெரம்பூர் ஐ.சி.எஃப்.-இல் 1955 முதல் செய்துவந்த பெட்டி ஒன்று 21 மீட்டருக்குச் சற்று அதிகம். மாதிரியில் இருபத்துநாலரை சென்டிமீட்டர். இருபது பெட்டி கோத்தால் ஐந்து மீட்டர். பலகையின் நீளமோ இரண்டரை மீட்டர்கூட இல்லை. எனவே நாலு பெட்டி. இருபதில் எந்த நாலு? நான் பார்த்த படங்களில் ஏ.சி. பெட்டி உண்டு, ஸ்லீப்பர் உண்டு, பேன்ட்ரி கார்கூட ஒன்று இருந்தது. முன்பதிவில்லாப் பெட்டி, கதவில் ஆள் தொங்கும் பெட்டி, எனக்குக் கண்ணில் படவில்லை. சுருக்குவது என்பது தேர்ந்தெடுப்பதும்தான்.

திருத்தணியைத் தாண்டினால் பொன்பாடி. அதற்குப் பிறகு ஆந்திரா. வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்று ஒரு ஸ்டேஷன், நாட்டிலேயே நீளமான பெயர்களில் ஒன்று. அந்தப் பெயர்ப் பலகையை 87-இல் ஒன்றாக்கி எழுதிக் காட்டுகிறவருக்குத் தனியாக ஒரு பரிசு கொடுக்கலாம். இந்த இடத்தில் 1960 ஏப்ரல் 1 வரைக்கும் எல்லை வேறு மாதிரி இருந்தது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு, எல்லாம் முடிந்து திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. அதற்கு முந்தின நாளும் அடுத்த நாளும் அதே தண்டவாளத்தில் அதே வண்டி ஓடியது. எங்கள் தெருவில் இன்றும் பாதி வீடு தெலுங்கு. ஆக எல்லையைத் தண்டவாளத்தை வைத்து மாதிரி செய்ய முடியாது.

படங்களுக்கு வருவோம். பிரிட்டனில் 1968-இல் நீராவி என்ஜின் ஓய்ந்தது. அதன்பின் அங்கிருந்து ஆட்கள் கேமராவோடு இந்தியா வந்தார்கள், நீராவி இங்கே 1990-களின் கடைசிவரை மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததால். நம் ஊர்க்காரன் பாலத்தருகே கேமராவைத் தூக்கினால், படமெடுக்கக் கூடாது என்ற போர்டும் போலீஸும். நீராவிக் காலத்து இந்திய என்ஜின்களை நாம் பெரும்பாலும் வெள்ளைக்காரர் படங்களில்தான் பார்க்கிறோம். இந்தப் படங்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. வெயில் முதுகுப்பக்கம் இருக்கவேண்டும். என்ஜின் முன்முகமும் பக்கவாட்டும் சேர்ந்து தெரியவேண்டும். எண் வாசிக்கும்படி இருக்கவேண்டும். குறுக்கே ஆள் வரக்கூடாது. லேஅவுட் படங்களும் இந்த இலக்கணத்தை அப்படியே எடுத்துக்கொண்டன. கேமராவைத் தரையோடு வைத்து அறையின் சுவர் தெரியாமல், செய்த கை தெரியாமல் எடுக்கிறார்கள். பொம்மைகள் குழந்தையை உடைமையாளனாக்குகின்றன, படைப்பவனாக்குவதில்லை என்று ரோலன் பார்த் 1957-இல் எழுதினார். இங்கே படைத்தவரே தன்னை அழித்துக்கொண்டு உடைமையாளராக மட்டும் நிற்கிறார். விசித்திரம்தான்.

ஆனால் நம்மிடம் இன்னொரு லேஅவுட் இருந்தது. நவராத்திரிக் கொலுவின் படிகளுக்குக் கீழே போடும் 'பார்க்'. செங்கல் அடுக்கி மணல் கொட்டி மலை. மலை உச்சியில் முருகன். கேழ்வரகோ கடுகோ தூவி முளைக்கவிட்ட புல். கண்ணாடித் துண்டில் குளம். எல்லாவற்றையும் சுற்றி ஓடும் பொம்மை ரயில். எல்லைப்புறத் தெலுங்கு வீடுகளில் பொம்மல கொலுவு என்பார்கள். மலையும் கீழே ரயிலும் என்றால் அது திருத்தணிதான், போட்டவர்கள் பழனி என்று சொன்னாலும். செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். பத்தாம் நாள் கலைத்துவிடுவார்கள். ரயில் பொழுதுபோக்கின் வரலாறு எழுதுகிற யாரும் இதைக் கணக்கில் எடுத்ததாக நான் காணவில்லை. எண் இல்லை, எந்த ஷெட் என்பது இல்லை, அளவு இல்லை. அளவு இல்லை என்பது சரியல்ல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவு. முருகன் மலையில் பாதி உயரம் இருப்பார். கடை விரித்த செட்டியாரும் செட்டிச்சியும் ரயிலைவிடப் பெரியவர்கள் (ஊர்ப் பொருளாதாரத்தில் அது உண்மையும்கூட). ஆனால் ஆட்கள் இருந்தார்கள். காய்கறிக்காரி, குறவன் குறத்தி, பாம்பாட்டி. ரயிலை வைத்த இடத்திலெல்லாம் சுற்றி ஆட்கள் தன்னால் வந்தார்கள்.

இதைச் சொல்லிக் கொலுவைக் கொண்டாடிவிட முடியாது. சின்ன வயசில் மாமாவின் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தபோது (எந்த ஊர், யார் வீடு என்பது வேண்டாம்) ஒரு பெரிய உத்தியோகஸ்தர் வீட்டுக் கொலுவில் ரயில் ஓடுகிறது என்று ஓடினோம். கேங்மேன் வீட்டுப் பிள்ளைகள் வாசற்படியில் நிற்கவேண்டும். சுண்டல் காகிதப் பொட்டலத்தில் வெளியே வரும். வாசற்படியிலிருந்து பார்த்தால் பாதையில் பாதிதான் தெரியும். ரயில் வரும், சுவருக்குப் பின்னால் போய்விடும், திரும்ப வரும். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அங்கே ஒரு ஸ்டேஷன் இருந்ததாக மாமா மகள் சொன்னாள். அவள் பார்த்திருக்க முடியாது.

நண்பரின் படங்களில் வண்டி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1974 மே 8 முதல் இருபது நாள் நாடு முழுக்க ரயில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த இருபது நாளை யாரும் லேஅவுட்டாகச் செய்யவில்லை. 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி பொன்மலையில் தென்னிந்திய ரயில்வே தொழிலாளிகள்மேல் துப்பாக்கிச் சூடு, ஐந்து பேர் செத்தார்கள். திருத்தணிக்காரர்களுக்கு செப்டம்பர் 5 என்றால் ராதாகிருஷ்ணன் பிறந்த நாள். பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுப்பார்கள். பொன்மலையை எங்களுக்கு எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. அதே பொன்மலைப் பட்டறையில்தான் பிறகு நீலகிரி மலை ரயிலுக்குப் புது நீராவி என்ஜின்கள் செய்தார்கள். 1855-ஆம் வருஷத்து ஃபேரி குயின் என்ஜினை ஓடவைத்தவர்கள் பெரம்பூர்ப் பட்டறைக்காரர்கள். மாதிரி செய்கிறவர்களுக்கு அந்த என்ஜின்களின் சக்கர விட்டம்வரை தெரியும்.

மாமா வேலை பார்த்தபோது கேங்மேன். பிறகு டிராக்மேன் என்றார்கள், இப்போது டிராக் மெயின்டெய்னர். பெயர் நீண்டது, சுத்தியல் அதேதான். கொஞ்சகாலம் கீமேனாக இருந்தார். விடியற்காலையில் புறப்பட்டுத் தன் பீட் முழுக்க நடந்து, கழன்ற கிளிப்பைத் தட்டி, வெல்டிங்கில் விரிசல் பார்த்து, வளைவில் வண்டிச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே போகவேண்டும். ரெட்டைப் பாதையில் ஒரு வண்டிக்கு ஒதுங்கி நின்றவனை எதிர்ப் பாதையில் வரும் வண்டி அடித்துவிடும். அவர் கேங்கில் அப்படி ஒருவர் போனார். 2012-இல் அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்புக் குழு, ரயில்வே ஊழியர்களே பாதையில் அடிபட்டுச் சாவதைத் தன் அறிக்கையில் எடுத்துப் பேசியது. "ஆள் வச்சா வண்டி மோதிடுமே" என்று நண்பர் வேடிக்கையாகச் சொன்னது அசலைப் பற்றிய சரியான வாக்கியம்.

அந்தப் படங்களில் நாலைந்தை வாங்கிக்கொண்டு போய் மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். என்ஜினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மலையைப் பார்த்து, "நம்ம மலையா?" என்றார். பிறகு பாதை வளைகிற இடத்தில் விரலை வைத்தார்.

"ஜல்லி பத்தாதுடா. கட்டை ஓரம் தெரியுது பாரு. வளைவுல வெளிப்பக்கம் இன்னும் ஏத்திப் போடணும், இல்லன்னா வெயில்ல லைன் தள்ளிக்கும். போட்டவர்கிட்ட சொல்லு."

சொன்னேன். நண்பர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசையும் பொடிக்கல்லும் வாங்கிவந்து வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரு வரிசை ஏற்றிப் போட்டார்.