கட்டட மதிப்பீட்டு மென்பொருள்

ஒரு கட்டடத்திற்கு வேண்டிய செங்கல், சிமெண்டு, கம்பி, கூலி ஆகியவற்றைப் படத்திலிருந்தே அளந்து, வேலை தொடங்குமுன் செலவைக் கணித்துச் சொல்லும் கணினிச் சாதனம். பொதுப்பணித்துறையின் விலை விகிதப் பட்டியலும், அளவெடுக்கும் முறையை வகுத்த இந்தியத் தர நிர்ணயம் 1200-உம் மதிப்பீட்டுக் கலைக்கு ஆதாரமானவை; சுவரில் 0.1 சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்பைக் கழிக்கலாகாது என்பது போன்ற சூக்ஷ்ம விதிகள் அத்தர நிர்ணயத்தில் உண்டு.

அண்மைக் காலத்தில் முப்பரிமாண மாதிரியிலிருந்து அளவுகளைத் தானே எடுக்கும் திறன் விசேஷமாக வளர்ந்திருக்கிறது. கட்டுமான மென்பொருள் நிறுவனங்களும் கைமாறி வருகின்றன. 2018-இல் ஆட்டோடெஸ்க் பிளான்கிரிட்டை வாங்கியது. 2020-இல் ஷ்னைடர் எலக்ட்ரிக், ஜெர்மனியின் ஆர்.ஐ.பி. நிறுவனத்தின் பெரும்பங்கைக் கைக்கொண்டது.

எனினும், வாய்மொழிக் கணக்கு இன்னும் மறையவில்லை. 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்த திருத்தங்கலின் சுற்றுப்புறத்தில், சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்மொழியாகப் பேசும் கொத்தனார் கணக்கு வீடுகளுக்கு ஒருவாறு பொருந்துமேயன்றி, விபத்து பரவாதிருக்கும் பொருட்டு வெடிமருந்து விதிகளின்படி இடைவெளி விட்டுத் தனித்தனியே எழுப்பப்படும் பட்டாசுத் தொழிற்சாலை அறைகளுக்குச் சற்றும் பொருந்தாது. அறை சிறுகச் சிறுக, ஒரு சதுர மீட்டர் தரைக்கு வேண்டிய சுவர் கூடும்: 3 மீட்டர் சதுர அறையில் 9 சதுர மீட்டர் தரைக்கு 12 மீட்டர் சுவர் வேண்டும். 12 மீட்டர் சதுரக் கூடத்திலோ 144 சதுர மீட்டருக்கு 48 மீட்டரே போதும். வெளிப்புறம் திறக்கும் கதவுகளின் செலவு வேறு. இத்தகைய பணிக்கு உருப்படிவாரியான மதிப்பீடே தகும். அதற்கும் விலைத்தரவு புதியதாயிருத்தல் அவசியம். 2025 செப்டம்பரில் சிமெண்டு வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனபோது வரியைச் சேர்த்துக் கணித்த பழைய பட்டியல்களைத் திருத்த வேண்டியதாயிற்று.