சொல்லாத நோய்

சிறுநீர்ப்பை நோயைப் பெண்கள் ஏன் மருத்துவரிடம் சொல்வதில்லை? நாணம் என்ற ஒரே சொல்லில் நாம் விடையிறுத்துவிடுகிறோம். வரலாறோ வேறொன்றையும் கூறுகிறது.

புதுவையில் பிரெஞ்சு அரசு 1823ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பள்ளியை நிறுவியது. ஆனால் அந்நாளில் மருத்துவர் என்றால் ஆண்மகனே. பேறுகால நோவு நாள்கணக்கில் நீண்டால், சேயின் தலை தாயின் சிறுநீர்ப்பையை அழுத்தும். குருதியோட்டம் தடைபட்டு அங்கே துளை விழும். அதன்பின் சிறுநீர் இடையறாது ஒழுகும். அத்துளையை மூடும் அறுவை முறையை அமெரிக்கரான மரியன் சிம்ஸ் 1852இல் வெளியிட்டார். மயக்க மருந்தின்றி அடிமைப் பெண்களிடம் செய்து பார்த்துக் கண்ட முறை அது. மருத்துவ அறிவு வளர்ந்தது. பெண்ணின் விருப்பத்தைக் கேட்கும் வழக்கம் வளரவில்லை.

புதுவைக்கு அண்மையிலுள்ள திண்டிவனத்திலும் அதுவே நிகழ்ந்தது. 1890களில் ஓர் இரவு, மருத்துவர் ஜான் ஸ்கடரின் இல்லத்திற்கு மூன்று கணவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். பேற்று நோவில் துடிக்கும் மனைவியரைக் காக்க அவர் மகள் ஐடாவை அழைத்தனர். மருத்துவம் அறியாத ஐடா, தம் தந்தை வருவார் என்றார். ஆடவர் வேண்டா என மூவரும் திரும்பினர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிருடன் இல்லை. நாணியவர் யார்? அப்பெண்களை எவரும் கேட்கவே இல்லை. ஐடா மருத்துவம் பயின்று திரும்பி, 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

திருச்சபைக்குள்ளும் தடை இருந்தது. பெண் துறவியர் மகப்பேற்று மருத்துவம் செய்ய நெடுங்காலம் இசைவில்லை. மருத்துவர் அன்னா டெங்கல் போன்றோர் விடாது மன்றாடினர். 1936 பிப்ரவரி 11 அன்று உரோமை இசைவளித்தது.

இன்று புதுவையில் ஜிப்மர் உண்டு. பெண் மருத்துவர்களும் பலர் உண்டு. ஆயினும் இருமினாலும் சிரித்தாலும் நீர் கசியும் தாய், "பிள்ளை பெற்றவளுக்கு இது இயல்புதானே" என்று புடவையை மாற்றிக்கொள்கிறாள். திருப்பலிக்கோ திருமணத்திற்கோ போகுமுன் தண்ணீர் அருந்தாமல் இருக்கிறாள். இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் எளிய பயிற்சியாலேயே பலருக்கு இக்கசிவு குறையும் என்பதை, 1948இல் மருத்துவர் கெகல் எடுத்துரைத்த பின்னும், அவளுக்குச் சொன்னவர் இல்லை.

கதவுகள் திறந்துவிட்டன, கேள்விதான் இன்னும் பிறக்கவில்லை. மகளோ செவிலியோ தனியிடத்தில் அன்போடு, "அம்மா, நீர் பிரிவதில் தொல்லை உண்டா?" என்று கேட்கட்டும். அவள் மௌனத்திற்கு அவளை மட்டுமே பொறுப்பாக்குவது நீதியன்று.