ஜெஃபர்சனின் பட்டாணிக் கணக்கு

தாமஸ் ஜெஃபர்சன் என்றதும் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், அந்நாட்டின் மூன்றாவது ஜனாதிபதி என்ற இரண்டு செய்திகள் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அவர் கைப்பட எழுதிய இன்னொரு நோட்டுப் புத்தகமும் உண்டு. அதில் அரசியல் இல்லை, பட்டாணி இருக்கிறது!

1766 மார்ச் 30ஆம் தேதி அந்த நோட்டு தொடங்குகிறது. வர்ஜீனியாவில் ஷாட்வெல் என்னும் தன் குடும்பப் பண்ணையில், ஊதா நிற ஹயசிந்த் மலர் பூக்கத் தொடங்கியது என்று ஒரு வரி எழுதினார். அப்போது அவருக்கு வயது 22. அன்று தொடங்கிய குறிப்பு 1824 வரை, இடையிடையே விட்டுப் போனாலும், தொடர்ந்தது. இடையில் ஒரு புரட்சி, பாரிசில் தூதர் வேலை, எட்டு ஆண்டு ஜனாதிபதிப் பதவி எல்லாம் வந்து போயின. அவ்வளவுக்கும் நடுவில் எந்தக் காய் எப்போது விதைத்தோம், எப்போது சாப்பாட்டு மேசைக்கு வந்தது என்று எழுதிக்கொண்டிருந்தார்.

எழுதிய விதம்தான் வேடிக்கை. 1767 பிப்ரவரி 20 அன்று பட்டாணி விதைக்கிறார். விதைத்தால் போதாதா? 500 பட்டாணியை எண்ணி நிறுத்து எடையைக் குறிக்கிறார். ஒரு பைண்ட் அளவுக்குச் சுமார் 2500 பட்டாணி பிடிக்கும் என்றும் எழுதி வைக்கிறார். வருடக் கடைசியில் சரக்கு இருப்பு எடுக்கும் கணக்குப்பிள்ளைகூட இவ்வளவு பார்ப்பாரா தெரியவில்லை! ஏப்ரல் 24 அன்று அந்தப் பட்டாணி மேசைக்கு வந்தது என்று வரவு வைத்து அந்தக் கணக்கை முடிக்கிறார்.

ஆனால் வர்ஜீனியாவின் வசந்தம் நம்பக்கூடியதல்ல. பிப்ரவரியிலேயே வெயில் காட்டி ஆசை மூட்டும். மரங்கள் துளிர்க்கும், பழமரங்கள் பூக்கும். எல்லாம் தலை தூக்கிய பிறகு ஓர் இரவில் உறைபனி வந்து கருக்கிவிடும். 1774 மே 5ஆம் தேதிக் குறிப்பு அப்படிப்பட்டது. கோதுமை, சோளம், புகையிலை நாற்று எல்லாம் போயின. மரங்களில் இலைகள் செத்தன. ஜெஃபர்சன் அப்போது ஷாட்வெல்லுக்குப் பக்கத்தில் மான்டிசெல்லோ என்னும் குன்றின் மேல் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அங்கே பழங்களில் பாதிதான் அழிந்தன, சுற்று வட்டாரத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. காரணம் எளியது. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். குன்றின் மேல் இருந்தவனுக்குப் பாதியாவது கிடைத்தது.

இந்தச் சந்தோஷத்தையும் ஏமாற்றத்தையும் அவர் நோட்டில் மட்டும் பூட்டி வைக்கவில்லை. 1790இல் வெளியுறவுச் செயலாளராக நியூயார்க்கில் இருந்தபோது, ஊரில் இருந்த இளைய மகள் மரியாவுக்குக் கடிதம் எழுதுகிறார். நியூயார்க்கில் ஜூன் 8 வரை பட்டாணியும் ஸ்ட்ராபெர்ரியும் வரவில்லை, அங்கே எப்போது வந்தன? தகைவிலான் குருவிகள் எப்போது வந்தன? இரவில் கூவும் பக்கிப் பறவையின் குரலை முதலில் என்று கேட்டாய்? இப்படிக் கேள்வி மேல் கேள்வி! பதினோரு வயதுப் பெண் என்ன செய்வாள் பாவம். பட்டாணி மே 10 வந்தது, ஸ்ட்ராபெர்ரி மே 17 வந்தது, வசந்தத்தில் உறைபனி விழுந்ததால் வழக்கம் போல் நிறைய இல்லை என்று பதில் போட்டாள். பறவைகளைப் பற்றிக் கேட்டதற்கு, தன் கோழிக்குஞ்சுகளைக் கவனிப்பதிலேயே நேரம் போய்விட்டதால் அவற்றைப் பார்க்கவே இல்லை என்று எழுதிவிட்டாள். ஒரு நாட்டின் அமைச்சருக்கு இதைவிட நேர்மையான அறிக்கை வந்திருக்குமா?

ஜனாதிபதியான பிறகும் பழக்கம் விடவில்லை. வாஷிங்டன் சந்தையில் 37 வகைக் காய்கறிகள் எட்டு ஆண்டுகளில் எவ்வளவு சீக்கிரம் வந்தன, எவ்வளவு தாமதமாக மறைந்தன என்று ஓர் அட்டவணையே போட்டார்.

1809 மார்ச்சில் பதவி முடிந்து மான்டிசெல்லோவுக்குத் திரும்பினார். அங்கே அவருக்காக ஒரு காய்கறித் தோட்டம் காத்திருந்தது. குன்றின் தென்சரிவை வெட்டிச் சமப்படுத்தி, கல்சுவர் எழுப்பி அமைத்த படித்தளம் அது. நீளம் 1000 அடி, அகலம் 80 அடி. தெற்குப் பார்த்த இடம் என்பதால் குளிர்காலத்து வெயில் முழுவதும் அதில் விழும். மண்ணும் சீக்கிரம் சூடேறும். வாழ்நாளில் 330 வகைக் காய்கறி, கீரை, மூலிகைகளை வளர்த்துப் பார்த்தார் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விதைத்த இடம், விதைத்த நாள், நடவு, மேசைக்கு வந்த நாள், முடிந்த நாள் என்று கட்டம் போட்டு எழுதினார். அந்தக் கட்டங்களில் மீண்டும் மீண்டும் வரும் ஒரு சொல் 'தவறிவிட்டது' என்பதுதான். 1811இல் ஓவியர் சார்லஸ் வில்சன் பீலுக்கு எழுதிய கடிதத்தில், ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கிறது, வயதில் கிழவன் என்றாலும் தோட்ட வேலையில் தான் இன்னும் சின்னப்பையன்தான் என்ற பொருளில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 68.

மலர்ப் பாத்திகளின் கதையைப் பேத்தி எல்லன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கிழங்குகளுக்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள்! மார்கஸ் அரேலியஸ் என்று ரோமானியப் பேரரசர் பெயர் ஒன்றுக்கு, அமேசான்களின் ராணி என்று இன்னொன்றுக்கு. பெயரைக் குச்சியில் எழுதிப் பக்கத்தில் நட்டு வைப்பார்கள். வசந்தம் வந்ததும் குழந்தைகள் மண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பச்சை முனை தெரிந்தால் போதும், மார்கஸ் அரேலியஸ் எழுந்து வருகிறார் என்று தாத்தாவிடம் ஓடுவார்கள்.

அதே நினைவுக் குறிப்பில் இன்னொரு காட்சியும் இருக்கிறது. பாத்தி அமைக்கப் போகும்போது தாத்தாவின் கையில் அளவுக் கயிறு இருக்கும். மண்வெட்டியும் களைக்கொட்டும் இருப்பது வோர்ம்லி கையில்.

வோர்ம்லி ஹியூஸ் மான்டிசெல்லோவின் தோட்டக்காரர். சம்பளக்காரர் அல்ல, அடிமை. 1000 அடிப் படித்தளத்தை வெட்டியவர்களும் வேறொரு முதலாளியிடமிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்ட அடிமைகள்தான். 500 பட்டாணியை எண்ணிய நோட்டில் இவர்கள் உழைத்த நாட்களுக்கு ஒரு கட்டம் இல்லை. எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய அதே கைதான் அது.

இன்னொரு கணக்குப் புத்தகமும் இருக்கிறது. அது தோட்டத்தைப் பற்றியதல்ல, வீட்டுச் செலவுக் கணக்கு. 1805 முதல் 1808 வரை அதை எழுதியவர் மூத்த பேத்தி ஆன். அதில் அடிமைகளிடமிருந்து காசு கொடுத்து வாங்கிய கோழி, முட்டை, வெள்ளரி, முட்டைக்கோசு எல்லாம் வரிசையாக வருகின்றன. அவர்கள் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தங்கள் குடிசைப் பக்கத்துத் துண்டு நிலங்களில் விளைவித்தவை இவை. முதலாளியின் தோட்டத்தில் இல்லாதபோது வேலையாட்களின் தோட்டத்தில் இருந்திருக்கிறது! உண்மையில் அந்தக் குன்றின் சிறந்த தோட்டக்காரர்கள் யார் என்று இந்தப் பற்றுச்சீட்டுகளைப் பார்த்தால் கேட்கத் தோன்றுகிறது.

மனிதர் அன்பில்லாதவர் என்று சொல்ல முடியாது. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களிடையே ஆண்டுதோறும் ஒரு போட்டி இருந்தது. வசந்தத்தில் யார் தோட்டத்தில் முதலில் பட்டாணி விளைகிறதோ, அவர் மற்றவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். பெரும்பாலும் ஜெயிப்பவர் ஃபார்மிங்டன் பண்ணையின் ஜார்ஜ் டைவர்ஸ். ஒரு வருடம் ஜெஃபர்சனின் பட்டாணி முந்திவிட்டது. வீட்டார் சந்தோஷப்பட்டு, எல்லோரையும் கூப்பிடலாம் என்றார்கள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவர் தடுத்துவிட்டார். தான் தோற்பதே இல்லை என்று நண்பர் நினைத்துக்கொண்டிருக்கட்டும், அவருக்கு அதுவே சந்தோஷம் என்றாராம். குடும்பத்தார் சொல்லிச் சொல்லி வந்த கதை இது.

1826 ஜூலை 4 அன்று ஜெஃபர்சன் இறந்தார். அவருக்குக் குழி வெட்டியது வோர்ம்லி ஹியூஸ். கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல் நின்றது. நிலம், வீட்டுச் சாமான், மனிதர்கள் எல்லாமே அந்தக் கடனுக்கு ஈடான சொத்தாக எண்ணப்பட்டன. வோர்ம்லியை மட்டும் ஜெஃபர்சனின் மூத்த மகள் மார்த்தா அடிமை வேலையிலிருந்து விட்டுவிட்டார். 1827 ஜனவரியில், வசந்தத்துக்குச் சில வாரங்கள் முன்பு, மான்டிசெல்லோவில் ஏலம் நடந்தது. விற்பனைக்கு வைத்த சுமார் 130 பேரில் வோர்ம்லியின் மனைவி உர்சுலாவும் அவர்களுடைய பிள்ளைகளும் இருந்தார்கள்.