இந்தியத் தனிவாத்தியக் கன்செர்டோ ஒலிப்பதிவுகளை மதிப்பிடுதல்

ஒரு தனிவாத்தியத்தையோ சில வாத்தியங்களையோ முழு இசைக்குழுவுடன் சேர்த்து எழுதப்படும் மேற்கத்தியச் செவ்வியல் வடிவம் கன்செர்டோ. பியானோ, வயலின், செல்லோ ஆகியவற்றுக்கென வளர்ந்த இந்த வடிவத்தில், 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் சிதாரும் கர்நாடக வயலினும் தபலாவும் தனிவாத்தியமாக இடம்பெற்றன. இவற்றின் ஒலிப்பதிவுகளை மதிப்பிடுவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆல்பன் பெர்க் 1935இல் எழுதிய வயலின் கன்செர்டோவுக்குப் பல கலைஞர்களின் பதிவுகள் இருக்கின்றன; ஒன்றை மற்றொன்றோடு வைத்து எடைபோடலாம். இந்தியக் கன்செர்டோக்களில் பலவற்றுக்கு விற்பனைக்கு வந்த பதிவுகள் ஒன்றோ இரண்டோதான். அவற்றிலும் இயற்றியவரே பெரும்பாலும் வாசித்தவர். படைப்பு, வாசிப்பு, பதிவு மூன்றும் ஒரே தட்டில் ஒட்டிக் கிடப்பதால், ஒப்பிடும் அளவுகோலைக் கச்சேரியில் கேட்ட ராகத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது.

எல்லை

மேற்கத்திய மரபில் கன்செர்டோ பெரும்பாலும் மூன்று பகுதிகள் கொண்டது. இசைக்குழு ஓய்ந்து நிற்க, தனிவாத்தியக்காரர் தன் திறமை முழுவதையும் காட்டும் இடத்துக்குக் கடென்சா என்று பெயர். தனிவாத்தியத்துக்கு முதன்மை தராத சிம்பொனி இதில் சேராது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய இளையராஜாவின் ‘வேலியன்ட்’ அவ்வகையில் ஒரு சிம்பொனி. இரண்டு மரபுக் கலைஞர்கள் சேர்ந்து வாசிக்கும் ஜுகல்பந்தியும், இசைக்குழு இல்லாத கலப்பிசைத் தொகுப்புகளும் இதில் அடங்கா.

பின்னணி

கன்செர்டோ இங்கு வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே வயலின் தமிழகத்துக்கு வந்துவிட்டது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கினர். ஜி, டி, ஏ, இ என்று ஐரோப்பியர் கூட்டும் நான்கு தந்திகளை இங்கே ச, ப, ச, ப என்று கூட்டினார்கள். வாசிப்பவர் தரையில் அமர்ந்து வயலினின் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றிக்கொள்வதால், இடக்கை தந்தியில் தடையின்றி வழுக்கிச் செல்ல முடிகிறது.

பல வாத்தியங்களைச் சேர்த்து இந்திய இசையை அமைக்கும் முயற்சிக்கு வானொலி வழிகோலியது. 1952இல் டெல்லியில் தொடங்கிய ‘வாத்ய விருந்தா’ குழுவை ரவிசங்கரும், கர்நாடக இசைத் தரப்பில் டி. கே. ஜெயராம ஐயரும் நடத்தினர். அதே ஆண்டு இந்தியா வந்த வயலின் மேதை யெஹூதி மெனுஹினும் ரவிசங்கரும் 1967இல் ‘வெஸ்ட் மீட்ஸ் ஈஸ்ட்’ இசைத்தட்டை வெளியிட்டனர். சிதாருக்கு ஒரு கன்செர்டோ என்ற எண்ணம் அடுத்த சில ஆண்டுகளில் நிறைவேறியது.

முக்கியப் பதிவுகள்

ரவிசங்கரின் முதல் சிதார் கன்செர்டோ லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் வேண்டுகோளின்பேரில் எழுதப்பட்டு, 1971 ஜனவரியில் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் அரங்கேறியது. ஆந்த்ரே பிரெவின் நடத்தினார். அதே ஆண்டு இ.எம்.ஐ. இசைத்தட்டாகவும் வெளிவந்தது. காமாஜ், சிந்து பைரவி, அடாணா, மாஞ்ச் காமாஜ் என நான்கு பகுதிகள். ஏறத்தாழ 40 நிமிடம். இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு இரண்டு பகுதிகள் என்று பொருந்தி அமைந்த நீளம். சுரங்களை அடுக்கும் ஒத்திசையையும் எதிர்மெட்டுகளையும் ரவிசங்கர் பெரும்பாலும் தவிர்த்திருக்கிறார். சிதார் சொன்னதைக் குழலோ தந்திவாத்தியங்களோ திருப்பிச் சொல்கின்றன. மேற்கத்தியக் காதுக்கு இது வெறுமையாகப் படலாம். ராகத்தின் பக்கம் நின்று பார்த்தால் பாதுகாப்பான வழி. தபலாவுக்குப் பதில் பாங்கோ ஒலிப்பது இப்பதிவின் பலவீனமான இடம். தபலாவிலும் மிருதங்க வலந்தலையிலும் நடுவே உள்ள கருஞ்சாந்துதான் அடிக்குச் சுருதியைத் தருகிறது. பாங்கோவில் அது இல்லாததால் தாளம் கேட்கிறது, நாதம் கேட்பதில்லை.

இரண்டாம் கன்செர்டோவான ‘ராகமாலா’வை 1981 ஏப்ரலில் நியூயார்க் பில்ஹார்மோனிக் அரங்கேற்றியது. பம்பாயில் பிறந்த ஜுபின் மேத்தா நடத்தினார். அவரே லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் செய்த பதிவு இ.எம்.ஐ. வழியே வந்தது. லலித், பைராகி, யமன் கல்யாண், மியான் கி மல்ஹார் ஆகியவை முதன்மை ராகங்கள். முதல் கன்செர்டோவைவிட நீளமானது. இசைக்குழுவுக்கு வேலையும் கூடுதல். மூன்றாம் கன்செர்டோவை 2009இல் கார்னகி ஹாலில் ஆர்ஃபியஸ் சேம்பர் இசைக்குழுவுடன் வாசித்தவர் மகள் அனுஷ்கா. லண்டன் பில்ஹார்மோனிக்கும் டேவிட் மர்ஃபியும் 2010இல் அரங்கேற்றிய ‘சிம்பொனி’யில் சிதாருக்குக் கணிசமான இடம் உண்டு, அரங்கிலேயே பதிவான அது 2012இல் வெளியானது.

கர்நாடக வயலின் தரப்பில் முதலில் சொல்ல வேண்டியவர் எல். சுப்ரமணியம். தந்தை வி. லட்சுமிநாராயணாவிடம் பயின்றவர். அவருடைய ‘ஃபேன்டஸி ஆன் வேதிக் சான்ட்ஸ்’ 1985இல் ஜுபின் மேத்தாவின் தலைமையில் நியூயார்க் பில்ஹார்மோனிக்குடன் அரங்கேறியது. சுருதி கூட்டுவதிலும் அமர்வதிலும் வேறுபட்ட இரண்டு வயலின் மரபுகள் இங்கே ஒரே மேடையில் அமைகின்றன. பின்னால் மேற்கத்திய வயலின்கள் முப்பது ஒலிக்கும்போது முன்னால் உள்ள ஒரு கர்நாடக வயலின் தன் குரலால் தனித்துத் தெரிகிறதா என்பதே இத்தகைய பதிவுகளில் முதலில் கவனிக்கத்தக்கது.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986), ‘நத்திங் பட் விண்ட்’ (1988) இரண்டும் கன்செர்டோ என்று பெயரிடப்படாதவை. முதலாவதில் வி. எஸ். நரசிம்மனின் வயலினும், இரண்டாவதில் ஹரிபிரசாத் சௌராசியாவின் பன்சூரியும் குழுவுக்கு எதிரே நிற்பதால் இவ்வகையில் வைத்துப் பேசலாம். ‘ஹவ் டு நேம் இட்?’ தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. ரவிசங்கர் ஒதுக்கிவைத்த எதிர்மெட்டை இளையராஜா நடுவில் கொண்டுவருகிறார். ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ பகுதியில் பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவின் தொடக்க இசை அப்படியே வர, அதன்மேல் வேறு வரிகள் பின்னப்படுகின்றன. சென்னைத் திரையிசைக் கூடங்களில் பழகிய தந்திக் கலைஞர்கள் என்பதால் குழுவுக்கும் கமகம் கைவருகிறது. லண்டன், நியூயார்க் குழுக்களில் இது எளிதில் வாய்க்காத ஒன்று.

தாளவாத்தியத்தில் ஜாகிர் உசேன், பேலா ஃப்ளெக், எட்கர் மேயர் மூவரும் தபலா, பாஞ்சோ, டபுள் பேஸ் வாசிக்கும் ‘தி மெலடி ஆஃப் ரிதம்’ (2009) குறிப்பிடத்தக்கது. லெனார்ட் ஸ்லாட்கின் தலைமையில் டெட்ராய்ட் சிம்பொனி வாசித்தது. ஜாகிரின் தபலா கன்செர்டோவான ‘பேஷ்கார்’ 2015இல் மும்பையில் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவுடன் அரங்கேறியது.

மதிப்பிடும் அளவைகள்

சுருதியும் ஆதாரமும். கச்சேரியில் தம்புரா ச–ப அல்லது ச–ம என ஒரே ஆதாரத்தைக் கடைசிவரை பிடித்திருக்கும். இசைக்குழுவில் அந்த வேலையைச் செய்வது யார் என்று முதலில் கேட்க வேண்டும். லலித்தில் பஞ்சமம் கிடையாது; இரண்டு மத்தியமங்களும் அடுத்தடுத்து வரும். மேற்கத்திய இசையின் இயல்பான அடித்தளம் ச–க–ப அடுக்கு. இசைக்குழு பழக்கதோஷத்தில் பஞ்சமத்தைத் தொட்டால் லலித் அந்த இடத்திலேயே போய்விடும். பைராகிக்கு அந்த ஆபத்து குறைவு. நம் ரேவதியின் சுரங்களே அதற்கும். காந்தாரமே இல்லாததால் மேஜரா மைனரா என்ற கேள்வி எழுவதில்லை.

கமகம். தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கும். அதன் அடியில் பன்னிரண்டு வயலின்கள் அதே காந்தாரத்தை நேர்க்கோடாக இழுத்தால், தனிவாத்தியம் அபசுரமாகக் கேட்கும், தவறு அதனுடையதல்ல. மியான் கி மல்ஹாரின் ஆந்தோலன காந்தாரத்துக்கும் இதே கதி. இத்தகைய இடங்களில் குழு ச, ப போன்ற அசையாச் சுரங்களோடு ஒதுங்கி நிற்கிறதா என்று கவனித்தால் எழுதியவரின் ராக ஞானம் தெரிந்துவிடும். சிந்து பைரவி பல அன்னிய சுரங்களுக்கு இடம்தரும் ராகம். அங்கே ஒத்திசை சேர்ந்தாலும் உறுத்துவதில்லை.

தாளம். நடத்துநர் கோலால் அளப்பது சிறுசிறு பகுதிகளை. தனிவாத்தியக்காரர் மனத்தில் ஓடுவது முழு ஆவர்த்தனம். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்கள் நான்கு நான்காகப் பிரிந்து எளிதாக அடங்கும். மிஸ்ர சாப்புவின் ஏழு, மூன்றும் நான்குமாக எழுதப்பட்டாலும் நடையின் தள்ளாட்டம் குறிப்பில் வராது. தீர்மானமும் கோர்வையும் முடிந்து எடுப்பில் விழும்போது குழு முழுவதும் ஒன்றாக விழுகிறதா, அரைக்கால் அட்சரம் பின்தங்குகிறதா என்பது பதிவில் பளிச்சென்று தெரியும்.

மனோதர்மம். கடென்சாவை எழுதிவைத்து வாசிப்பது மேற்கில் இன்று இயல்பான வழக்கம். இந்தியக் கன்செர்டோவில் தனிவாத்தியத்துக்குக் கற்பனைக்கான இடங்கள் விடப்படுகின்றன. ஆகவே மேடைக்கு மேடை அது மாறும். இசைத்தட்டு அவற்றில் ஒன்றை நிலைநிறுத்திவிடுகிறது. ஆலாபனை போன்ற பகுதியில் அடுத்து எந்த இடத்துக்குப் போவார் என்ற எதிர்பார்ப்பு கேட்பவருக்கு உண்டாகிறதா, நிரவிவிட்ட நிமிடங்களாகக் கடக்கிறதா என்பதே கேள்வி.

ஒலிச் சமநிலை. சிதார் மென்குரல் வாத்தியம். ஒலிபெருக்கி இல்லாமல் ஓர் இசைக்குழுவின் எதிரே அது நிற்காது. எனவே பதிவில் கேட்கும் சமநிலை மைக் வைப்பவரும் கலவை செய்பவரும் உருவாக்கியது. சோதிக்க ஒரு வழி: சிதார் தனித்து ஒலிக்கும் இடத்தையும், இசைக்குழு முழுவதும் சேரும் அடுத்த இடத்தையும் ஒலியளவை மாற்றாமல் கேட்க வேண்டும். தனித்து ஒலிக்கையில் அடியிலுள்ள தரப் தந்திகளின் ரீங்காரம் ஓய்வது வரை கேட்டு, குழு சேர்ந்ததும் அது சட்டென்று அறுந்தால் ஒலியளவைக் கையால் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். சிதார் மேடையளவு பெரிதாகவும் எக்காளங்கள் அடுத்த அறையில் இருப்பதுபோலவும் கேட்பது மற்றொரு குறை.

வெளியீட்டு வடிவம். நீண்ட இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு இருபது இருபத்தைந்து நிமிடமே கொள்ளும். பக்கம் திருப்பும் இடைவெளியை மனத்தில் வைத்தே பகுதிகள் அமைந்தன. கேசட்டின் இரைச்சலில் தரப் தந்திகள் மறைந்தன. குறுந்தகட்டில் அவை மீண்டன. ஒரே பதிவைப் பற்றிய பழைய, புதிய விமர்சனங்கள் முரண்பட்டால், எழுதியவர்கள் எந்த வடிவில் கேட்டார்கள் என்று பார்ப்பது பயன்தரும்.

இயற்றியவரின் பங்கேற்பு

படைப்பாளியே பங்கேற்ற பதிவுக்குத் தனி மதிப்பு உண்டு. எட்வர்ட் எல்கர் 1932இல் தன் வயலின் கன்செர்டோவைத் தானே நடத்திப் பதிவுசெய்தபோது வாசித்த மெனுஹினுக்கு வயது 16. அப்பதிவு இன்றும் மதிக்கப்படுகிறது. ஆயினும் பின்வந்தவர்கள் அதே படைப்பை வேறு விதமாக வாசிக்க அது தடையாகவில்லை. ரவிசங்கரின் முதல் கன்செர்டோவை அனுஷ்காவும் மேடைகளில் வாசித்திருக்கிறார். இயற்றியவரின் பாணிக்கு வெளியே பயின்ற ஒருவர் வாசித்தும் படைப்பு நிற்கும்போதுதான், அது எழுத்தின் பலமா விரல்களின் பலமா என்பது தெளிவாகும்.

திருச்சி வட்டாரத்தின் கேள்வி ஞானம்

திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், லால்குடி, மருங்காபுரி வட்டாரம் கன்செர்டோவின் ஊரல்ல, வயலினின் ஊர். மருங்காபுரி கோபாலகிருஷ்ண ஐயர் ஊர்ப்பெயராலேயே அறியப்பட்ட வயலின் வித்துவான். லால்குடி ஜெயராமன் 1965இல் எடின்பரோ விழாவில் வாசித்தபோது மெனுஹின் கேட்டு வியந்து, தன் இத்தாலிய வயலின் ஒன்றைப் பரிசளித்தார். லால்குடிக்கு அருகே பூவாளூரில் பிறந்த மிருதங்கக் கலைஞர் திருச்சி சங்கரன் 1971 முதல் டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, மேற்கத்தியத் தாளவாத்தியக் குழுக்களோடு வாசித்தவர்.

1939 மே 16இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் இப்பகுதி மக்களைக் கச்சேரி கேட்டே ராகம் சொல்லப் பழக்கியது. இத்தகைய கேட்பாளருக்கு மேற்கத்திய வடிவ இலக்கணம் தெரியாமலிருக்கலாம். காமாஜின் பிடிகளில் கமாஸின் சாயலையும், பைராகியில் ரேவதியையும் உடனே இனங்காண்பார். காந்தாரம் அசையாமல் நிற்பதையும் அவ்வளவே விரைவில் கண்டுகொள்வார். இசைக்குழுவின் நிறம், வடிவக் கட்டுக்கோப்பு ஆகியவற்றில் மேற்கத்திய விமர்சகரின் தீர்ப்பு பயன்படும். ராகம் தங்கியதா என்பதில் இந்தக் கேட்பாளரின் தீர்ப்பே செல்லும். இந்தியக் கன்செர்டோப் பதிவு ஒன்றின் முழு மதிப்பீட்டுக்கு இரண்டும் தேவை. ஒன்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் அதைப் பாதி விமர்சனமாகவே கொள்ள வேண்டும்.