துலூஸிலிருந்து தண்டவாளத்துக்கு: ஒரு நேர்கோட்டின் கதை

பியர் தெ ஃபெர்மா பிரான்சின் துலூஸ் நகரில் நீதிமன்றப் பணியில் இருந்தவர். கணிதம் அவருக்கு ஓய்வுநேரத் தவம். 1636 வாக்கில் எழுதிய சிறு கையெழுத்துப்படியில் ஓர் உண்மையை அவர் எடுத்துக்காட்டினார்: இரு மாறிகள் கொண்ட முதற்படிச் சமன்பாட்டை வரைந்தால் கிடைப்பது நேர்கோடு. அந்தப் படி அறிஞர்கள் கைகளில் சுற்றியது; அச்சேறியதோ 1679இல், அவர் மறைந்து 14 ஆண்டுகள் கழித்து. அதற்குள் 1637இல் லெய்டனில் வெளியான தெகார்த்தின் ‘வடிவியல்’ புகழ்பெற்றுவிட்டது. கார்ட்டீசியன் தளம் என்று தெகார்த்தின் பெயரே நிலைத்தது.

இன்று நாம் போடும் இரண்டு அச்சுகளை அவர்கள் இருவருமே போடவில்லை. ஓர் அடிக்கோடும் மிகை எண்களுமே அவர்களுக்குப் போதுமாயிருந்தன. குறை எண்களுக்கும் இடம் தந்து, நான்கு கால்பகுதிகளிலும் வளைவரைகளை முறையாக வரைந்தவர் நியூட்டன். அந்த ஆய்வு 1704இல் அச்சானது.

பிறகு கோடு ரயில் ஏறியது. பாரிஸ்–லியோன் ரயில்களின் ஓட்டத்தைக் கோடுகளாகக் காட்டிய தாளை 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிவியலாளர் எத்தியென் ஜூல் மாரே தம் நூலில் வெளியிட்டார். படுக்கை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் நிலையங்கள். கோடு செங்குத்தாக நிமிர நிமிர வேகம் அதிகம். படுத்துவிட்டால் வண்டி நிற்கிறது. இந்திய ரயில்வேயின் கட்டுப்பாட்டு அறைகளிலும் இத்தகைய வரைபடத்தை வைத்துத்தான் வண்டிகளை நடத்திவந்தார்கள். இப்போது அதே கோடுகள் கணினித் திரையில் ஓடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு: 200 கி.மீ. இடைவெளியில் இரு ஊர்கள். ஓர் ஊரிலிருந்து மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டியும், மற்ற ஊரிலிருந்து 40 கி.மீ. வேகத்தில் இன்னொன்றும் ஒரே நேரத்தில் எதிரெதிராகப் புறப்படுகின்றன. கோடுகள் வெட்டும் புள்ளி: 2 மணி நேரம், முதல் ஊரிலிருந்து 120 கி.மீ. பாதை ஒற்றைப் பாதையாக இருந்து, அந்த இடத்தில் நிலையமும் இல்லையென்றால், ஒரு வண்டியை முன்கூட்டியே ஏதாவது நிலையத்தில் நிறுத்தியாக வேண்டும். கிராசிங் எங்கே என்பதைத் தாள் முன்னதாகவே சொல்லிவிடுகிறது.

நம் வகுப்பறைகளில் அட்டவணை போட்டு, அளவுத்திட்டம் எழுதி, புள்ளிகளை இணைத்ததும் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. அத்தோடு நிறுத்திவிடாதீர்கள், ஆசிரியர்களே. இந்தச் சாய்வு எதன் வேகம், இந்த வெட்டுப்புள்ளியில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். வரையத் தெரிந்த பிள்ளைக்குக் கோட்டைப் படிக்கவும் தெரிய வேண்டும்.