சடுகுடுப் பாட்டும் கபடி விதியும்

ஜொகூர் பாருவின் புறநகரான தம்போய் உள்ளிட்ட வட்டாரங்களில் வாழும் தமிழரின் முன்னோர் பலர், பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்க, தமிழகத்திலிருந்து வந்தவர்கள். அவர்களோடு கடல் கடந்த விளையாட்டுகளுள் சடுகுடுவும் ஒன்று. நடுக்கோட்டைத் தாண்டி எதிரணியின் களத்துக்குள் நுழைபவர் மூச்சுவிடாமல் பாடவேண்டும் என்பதால் அச்செயலே ‘பாடிப் போதல்’ எனப்பட்டது. பாட்டு அறுந்தால் மூச்சு வாங்கிவிட்டார் என்று பொருள்.

அப்பாட்டுகளுள் பல வெளிப்படையான சீண்டல்கள். பாடிப் போகிறவர் பாட்டன் பெயரைச் சொல்லிக் குலப்பெருமை பேசுவார், எதிரில் நிற்பவர்களுக்குத் தானே தகப்பன் என்பார், வெள்ளிப் பிரம்போடும் தங்கப் பிரம்போடும் வருவதாக மிரட்டுவார். இத்தனையும் ஒரே மூச்சில் அடங்கவேண்டியிருந்ததால் ஏச்சுக்கு இயல்பாகவே ஓர் எல்லை இருந்தது. எதிரணியினரும் தம் முறை வந்தபோது அதே உரிமையோடு பதில் பாடினர். இளைஞரின் வாய்த்துடுக்கை ஆட்டத்துக்குள்ளேயே வைத்து ஆற்றிவிட்ட இவ்வேற்பாடு, தண்டனையை நம்பிய பிற்கால விதிகளைவிட நுட்பமானது.

வங்கத்தில் ஹாடுடு என்றும் மராட்டியத்தில் ஹுதுது என்றும் வழங்கிய இவ்வகை ஆட்டங்களை ஒரே விதிக்குள் கொண்டுவரும் முயற்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்று, 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியது. இன்றைய விதிப்படி ‘கபடி’ என்ற சொல்லை மட்டுமே பாடவேண்டும். தவறினால் நடுவர் திருப்பி அழைத்து, எதிரணிக்கு ஒரு நுட்பப் புள்ளியையும், அதாவது விதிமீறலுக்காகத் தரப்படும் புள்ளியையும், பாடிப் போகும் முறையையும் வழங்குவார். களத்துக்குள் சென்றவருக்குச் சக ஆட்டக்காரர் குரல் கொடுத்து எச்சரித்தாலும் புள்ளி பறிபோகும். பாடிப் போகிறவரின் வாயை எதிரணியினர் பொத்திப் பாட்டை நிறுத்துவதும் குற்றம். முறைகேடாகப் பேசுவோருக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள் காத்திருக்கின்றன. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் விதிகளும் ஆட்டக்காரர் இருக்கையிலிருந்து எதிரணியை ஏசுவதைத் தடை செய்கின்றன. ஆனால் அங்கே ஏச்சு ஆட்டத்துக்கு வெளியே நின்றது, சடுகுடுவிலோ அது ஆட்டத்தின் உடலாகவே இருந்தது.

ஒற்றைச் சொல் பல மொழியினரைச் சமநிலையில் நிறுத்தியது; 1990இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி பதக்கத்துக்குரிய ஆட்டமாகவும் இடம்பெற்றது. அதற்கு ஈடாகத் தமிழர் இழந்தது ஒரு வாய்மொழி இலக்கியத்தை. தோட்டத்துத் திடல்களில் பாடிப் போன முதியவர்கள் இருக்கும்போதே அப்பாட்டுகளைக் கேட்டு எழுதிவைப்பது, ஜொகூர்த் தமிழ் அமைப்புகளும் தமிழ்ப்பள்ளிகளும் தாமதமின்றி மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.